சூடு பார்க்கிறவர்

அவர் எதையும் உள்ளங்கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரம், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் இருக்கை, காய்ச்சலில் படுத்திருந்த மனைவியின் நெற்றி என எதன்மீதும் வலது புறங்கையை ஒரு கணம் வைப்பார், எடுப்பார், உதட்டைப் பிதுக்குவார், நகர்ந்துவிடுவார். உள்ளங்கை காய்த்துப்போனதால் அதற்குச் சூடு தெரியாது என்பதும், புறங்கை சுட்டால் கை தானாகவே பின்வாங்கிக்கொள்ளும் என்பதும் அவர் சொன்ன காரணங்கள். நான் கண்ட காரணம் வேறு. உள்ளங்கையால் தொடுகிறவர் அங்கே சற்று நேரமாவது நிற்க வேண்டியிருக்கும். அவரால் நிற்க முடியாது.

நாமகிரிப்பேட்டைப் பக்கத்து ஊர்ப்புற நூலகம் ஒன்றுக்கு நான் மாற்றலாகிச் சென்றபோது அவர்கள் வீட்டு மாடியறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் வீடு. வீட்டுக்குப் பின்னால் நீண்ட முட்டைக்கோழிக் கொட்டகை. நூலகம் காலையிலும் மாலையிலும் மட்டுமே திறந்திருக்கும் என்பதால் கோடையின் நடுப்பகல்களைச் சன்னலருகே கழிக்கும் வாய்ப்பு எனக்கு இருந்தது. புத்தகம் மடியில் இருக்கும். கண் கீழே போய்விடும். கீழே அவர் நடந்துகொண்டிருப்பார். தலையில் ஈரத்துண்டு, காலில் வேலைக்காலத்துப் பழைய பூட்ஸ். கொட்டகையை ஒரு சுற்று சுற்றுவார். மூலையில் நின்று முகர்வார். கூரையைத் தாங்கும் இரும்புத் தூணில் புறங்கையை வைப்பார். பிறகு, போன வழியே மறுசுற்று வருவார். வெயில் ஏற ஏற அவருடைய நடையும் வேகம் கொள்ளும். பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கே மூச்சு வாங்கும்.

மேட்டூர் அனல் மின்நிலையத்தின் நிலக்கரிக் களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். களம் என்று சொல்ல மாட்டார்; கரிமேடு என்பார். குவித்துவைத்த நிலக்கரி தானாகவே உள்ளுக்குள் சூடேறிப் புகையத் தொடங்கும் என்பதை அதுவரை நான் அறிந்திருக்கவில்லை. யாரும் நெருப்பு வைக்க வேண்டியதில்லை. உள்ளே காற்று புகுந்தால் போதும். அதனால் மேட்டை இயந்திரம் கொண்டு அழுத்தி இறுக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்ச வேண்டும். காற்றுக்கு வழியில்லாமல் செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

"கரி தூங்காதுங்க அம்முணி," என்றார் ஒருமுறை, மாடிப்படியின் அடியில் நின்று. "நாம கண்ணசந்தா அது கண்ணு முழிச்சுக்கும்." சொல்லி முடிப்பதற்குள் படிக்கட்டின் கைப்பிடியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு அப்பால் போய்விட்டார்.

கோழிப்பண்ணை அவருடையதன்று. அவர் மேட்டூர்க் குடியிருப்பிலும் மனைவி இங்கேயுமாக வாழ்ந்த ஆண்டுகளில், அந்த அம்மாள் தம் தகப்பனார் கொடுத்த நிலத்தில் ஒற்றை ஆளாக நின்று எழுப்பிய பண்ணை அது. பருத்த உடம்பு, நிதானமான பேச்சு. கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அமர்ந்துகொண்டால், கோழிகளின் இரைச்சலிலிருந்தே தண்ணீர்க் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்று வந்த கணவர் அந்த நிதானத்துக்கு நடுவில் புகுந்த புழுதிக் காற்றுப்போல இருந்தார்.

"வேலைய உட்டு வந்தாரு, கரிமேட்ட உட்டு வரல கண்ணு," என்பார் என்னிடம், அவர் காதில் விழும்படி. "ஒரு நாளைக்கு என்னையவும் மிதிச்சு இறுக்கித் தண்ணி அடிச்சுப்போடுவாரு."

அவர் அதற்குச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே நடப்பார்.

கோடைக்கென்று அந்தப் பண்ணைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. வெயில் ஏறிய பிறகு தீவனம் போடமாட்டார்கள். இரை செரிக்கிற சூடும் சேர்ந்து கோழியைக் கொன்றுவிடும். ஆட்கள் உள்ளே நடமாடவும் மாட்டார்கள். கோழிக்கு வியர்வை கிடையாது. அலகைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து தள்ளி விரித்துக்கொண்டு, வேகவேகமாக மூச்சு விட்டுத்தான் அது சூட்டை வெளியேற்ற வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் குறுக்கே நடந்தால் மிரண்டு துள்ளும். துள்ளினால் இன்னும் சூடேறும். ஆகவே நாமக்கல் சீமையின் நடுப்பகலில் கோழி வளர்ப்பவருடைய வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. அந்த ஒரு வேலையைத் தவிர மற்ற எதையும் அவர் செய்வார்.

அவர்களுக்கு ஒரே மகள். மேட்டூர்க் குடியிருப்பில் தங்கிப் படித்து, பொறியாளராகி, ஆஸ்திரேலியாவில் ஒரு நிலக்கரி மின்நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அப்பன் கரி அள்ளினான், பிள்ளை கரிக்கு ஆபீசர் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நான் அங்கே குடிபுகுந்த ஆண்டில் அந்தப் பெருமைக்குச் சிக்கல் வந்தது. அந்த மின்நிலையத்தை மூடப்போகிறார்கள் என்றும், படிப்படியாக நிறுத்துகிற குழுவில் தன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோ அழைப்பில் சொன்னாள். அவர் கைப்பேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். பிறகு என் சன்னலுக்குக் கீழே நின்று அண்ணாந்து கேட்டார்.

"ஏனுங்க அம்முணி, ஓடற மெஷின நிறுத்தறதுக்கு ஒரு இன்சினீருங்களா?"

அங்கே கோடை என்பது இங்கே தை மாதம். அந்தத் தையில் மகள் பேசும்போது, தன் வீட்டருகே மரங்களில் தொங்கும் பெரிய வௌவால்கள் வெயில் தாளாமல் கொத்துக் கொத்தாக உதிர்ந்து செத்துக் கிடக்கின்றன என்றாள். பூமி சூடாகிறது என்பதையும், எரிக்கிற நிலக்கரிக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பதையும் பொறுமையாக விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார். வௌவாலுக்குத் தண்ணீர் அடிக்க ஆளில்லை, அதனால்தான் செத்தது என்று முடித்துவிட்டார். மகள் சிரித்தாள். சிரிப்பு சற்று வறண்டிருந்தது.

அடுத்த சித்திரையில் ஒரு நாள் வானம் மூடிக்கொண்டது. மழைக்கான மூட்டமன்று, வெறும் புழுக்கம். மரவள்ளி இலை ஒன்றுகூட அசையவில்லை. வெண்ணந்தூரில் உறவில் ஒரு சாவு என்று அந்த அம்மாள் காலையிலேயே புறப்பட்டுவிட்டார். பேருந்து ஏறுமுன் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே போக வேண்டாம், வாசலில் உட்கார்ந்தால் போதும்.

நான் நூலகத்திலிருந்து திரும்பியபோது அவர் உட்கார்ந்திருக்கவில்லை. கொட்டகையின் பக்கவாட்டில் சாக்குப் படுதாக்கள் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். சாயும் வெயில் அடிக்கிற பக்கத்தில் மட்டும், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு இறக்குவது வழக்கம். அவர் நான்கு பக்கமும் தரைவரை இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டிய படுதாக்களைக் குழாய் கொண்டு நனைத்தார். பிறகு குழாயை உள்ளே இழுத்துச் சென்று கூரைக்கும் கூண்டுகளுக்கும் பீய்ச்சினார். அவருடைய உடம்பில் அதுவரை நான் கண்டிராத ஓர் அமைதி இருந்தது. தெரிந்த வேலையைத் தெரிந்த வரிசையில் செய்கிறவரின் அமைதி அது. கரிமேட்டில் எதைச் செய்தால் சூடு அடங்குமோ அதையெல்லாம் அவர் பிசகில்லாமல் செய்துகொண்டிருந்தார். வெளியே வந்ததும் ஈரச் சாக்கின்மீது புறங்கையை வைத்தார். சாக்கு குளிர்ந்திருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

பிற்பகலில் அந்த அம்மாள் பேருந்திலிருந்து இறங்கி வந்தார். மண்பாதையின் வளைவிலேயே நான்கு பக்கமும் மூடிய கொட்டகை அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கையிலிருந்த பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் ஓடி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. முதல் படுதாவின் கயிற்றை அறுத்து விலக்கியபோது, இட்லிப் பானையைத் திறந்ததுபோல் ஆவி வெளியே வந்தது. உள்ளே இரைச்சல் இல்லை. கூண்டுகளில் கோழிகள் கழுத்தை நீட்டிக் கிடந்தன. அத்தனை ஈரத்தில், அசையாத அந்தக் காற்றில், அவை விட்ட மூச்சு எந்தச் சூட்டையும் வெளியே கொண்டுபோகவில்லை.

நாங்கள் மூவரும் ஓடி ஓடிப் படுதாக்களைத் தூக்கிக் கட்டினோம். காற்று நுழைந்த பிறகு பாதிக்கு மேற்பட்டவை தலை தூக்கின. மற்றவை தூக்கவில்லை. அவர் கூண்டு கூண்டாகச் சென்று ஒவ்வொன்றின் நெஞ்சிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். செத்த பிறகும் அவை சுட்டன.

அந்த அம்மாள் அழவில்லை, ஏசவில்லை. வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில் ஒன்றைச் சொன்னார்.

"கரிக்கு மூச்சு இல்லீங்க. இதுகளுக்கு இருக்குது."

அன்று பொழுது சாய்வதற்குள் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தாயிற்று. புதைத்தவர் அவரே, கூலியாளைத் தொடவிடவில்லை. மறுநாள் அந்த அம்மாள் கொட்டகைக் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை இந்தப் பக்கமே வர வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டார். கோடை இன்னும் முழுசாக மிச்சமிருந்தது. பிழைத்த கோழிகளைக் கரை சேர்த்தால்தான் பண்ணை நிற்கும். இன்னொரு முறை அப்படி நேர்ந்தால் இழுத்து மூட வேண்டியதுதான் என்பது எங்கள் மூவருக்குமே தெரிந்திருந்தது.

அதன் பிறகு ஒரு நாள் அவர் என் மாடிப்படியில் பாதிவரை ஏறி வந்தார். அவ்வளவு தூரம் அவர் வந்ததே அதுதான் முதல்முறை.

"நீங்க படிச்சவிய, சொல்லுங்க. முப்பது வருசமா நான் ஏத்திவிட்ட கரி எரிஞ்சுதே, அந்தச் சூடு எங்கீங்க போகும்?"

தெரிந்தவரை சொன்னேன். எரிகிறபோது வருகிற சூடு அன்றே போய்விடும். எரிந்து வெளிவருகிற வாயுதான் போகாது, வானத்தில் தங்கிவிடும். பகலில் பூமியில் விழுகிற வெயில் சூடாகத் திரும்பிப் போக வேண்டும். அந்த வாயு அதைப் போகவிடாமல் தடுக்கும் என்றேன். புத்தகங்கள் சொல்வதுபோல் போர்வை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டார்.

"நாலு பக்கமும் படுதாவ எறக்கிக் கட்டுனாப்பலயா?"

ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். அவர் படிக்கட்டில் நின்றுகொண்டே இருந்தார். தேற்றுவதற்கு என்னிடம் சொல் இருந்தது. அந்தக் கரியால் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்தது, கோழிக் கொட்டகைகளிலும் எரிந்தது, அதுவும் உண்மை என்றேன். அவர் ஆமாங்க என்றார். இறங்கிப் போகும்போது கைப்பிடியைத் தொடவில்லை.

வீட்டில் இருந்தால் கால் கொட்டகைக்குத்தான் இழுக்கும் என்று, அந்த வாரத்திலிருந்து அவர் பேருந்தில் ஏறத் தொடங்கினார். பதினொரு மணிக்கு நாமகிரிப்பேட்டையில் ஏறுவார், ராசிபுரம் போவார், அங்கிருந்து வெண்ணந்தூர், மீண்டும் ராசிபுரம். எந்த ஊரிலும் அவருக்கு வேலை இல்லை. எங்கே போகிறீர்கள் என்று முதல்நாள் கேட்ட நடத்துநரிடம், வெயில் தாழ்கிறவரைக்கும் ஒரு டிக்கெட் கொடுங்கள் என்றாராம். அதுவே பெயராகி, அந்தத் தடத்து நடத்துநர்கள் அவரைக் கண்டதும், இன்றைக்கு வெயில் எதுவரைக்குமுங்க என்று கேட்பார்களாம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தவர் அவருடைய மனைவி. சிரித்து முடித்ததும், ஓடுகிற பேருந்திலும் முன்னுக்கும் பின்னுக்குமாக இடம் மாறிக்கொண்டே இருக்கிறாராம் என்றார்.

மகளிடம் அவர் பேசுகிற விதமும் மாறிற்று. முன்பெல்லாம் கொதிகலன், கரி கொண்டுபோகும் பெல்ட் என்று கேட்பவர், இப்போது அங்கே கரிக் களத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றிக் கேட்டார். என்ன வயது, பிள்ளைகள் இருக்கிறார்களா, சொந்த வீடா. சிலருக்கு வேறு பயிற்சி கொடுக்கிறார்கள், வயதானவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று மகள் சொன்னாள். நான் அப்போது அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"பணம் குடுக்கறாங்க, சரி," என்றார் அவர். "காலைல எந்திரிச்சு அந்த ஆளுக எங்க நடப்பாங்க சாமி?"

அப்பா என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

அந்தக் கோடை எப்படியோ கடந்தது. புதிய கோழிகள் வந்தன. மறு கோடையும் வந்தது. முந்தியதைவிடக் கடுமையாகவே வந்தது. அவரும் பதினொரு மணிப் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையின் மிகக் கொடிய நாள் எது என்று கேட்டால் நான் தயங்காமல் சொல்வேன். காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. கொட்டகையின் மின்விசிறிகள் நின்றுவிட்டன. மேற்கிலிருந்து விட்டுவிட்டு ஒரு காற்று வந்தது. அது ஒன்றுதான் துணை. வெயிலும் அதே மேற்கிலிருந்து அடித்தது. படுதாவை இறக்கினால் காற்று வராது. தூக்கினால் வெயில் நேரே கூண்டில் விழும். படுதாவின் அடியில் கோர்த்த மூங்கிலை வெளிப்பக்கமாகத் தள்ளி, கயிற்றால் இழுத்துக் கட்டினால் பந்தல்போல நிற்கும். நிழலும் விழும், கீழே காற்றும் நுழையும். அந்த அம்மாள் அப்படித்தான் கட்டியிருந்தார். பிற்பகலில் அடித்த ஒரு காற்றில் நடுப்பகுதியின் கயிறு அறுந்து படுதா கூண்டுகளின்மேல் மூடிக்கொண்டது. இற்றுப்போன கயிறு, முடிச்சுப் போடும் இடமெல்லாம் பிய்ந்தது. கூலியாட்கள் காலையிலேயே போய்விட்டிருந்தார்கள். நானும் அந்த அம்மாளுமாக மூங்கிலைத் தள்ளிப் பிடித்தோம். சற்று நேரத்தில் என் பக்கத்து மூங்கில் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது.

அந்த அம்மாள் ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைப்பேசியை எடுத்தார். ஓராண்டாகச் சொல்லாத சொல்லைச் சொன்னார்.

"ஏனுங்க, வாங்க. ஆள் பத்தலை."

அவர் ராசிபுரத்தில் இருந்தார். பேருந்துக்குக் காத்திராமல் யாருடைய வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் கொட்டகைக்குள் பாயப் போனவர், வாசலில் தாமாகவே நின்றுவிட்டார். மனைவியைப் பார்த்தார். எங்கே நிற்க வேண்டும் என்று அந்த அம்மாள் கையால் காட்டினார்.

"இதப் புடிச்சுட்டு நில்லுங்க. நடக்கப்படாது. தண்ணி கிண்ணி அடிக்கப்படாது. அசையாம நின்னாப் போதும்."

மூங்கிலைத் தோளுக்குமேல் ஏந்திக்கொண்டு, கூண்டுகளுக்குப் பக்கவாட்டில், முதுகில் மேற்கு வெயில் விழ அவர் நின்றார். மறுமுனையை நானும் அந்த அம்மாளும் மாறி மாறிப் பிடித்தோம். தனக்கு மாற்று வேண்டாம் என்று அவர் தலையசைத்தார். தொடக்கத்தில் அவருடைய கால்விரல்கள் பூட்ஸுக்குள் நெளிவது வெளியே தெரிந்தது. பின்னங்கால் ஒரு முறை எழும்பி, எங்கே போவதென்று அறியாமல் அதே இடத்தில் இறங்கிற்று. அருகிலிருந்த கோழிகள் புது ஆளைக் கண்டு முதலில் கூண்டின் மறுபக்கம் ஒதுங்கின. அவர் அசையவில்லை என்று கண்டதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அலகைப் பிளந்தபடி, அவருடைய கைக்கு அடியில் விழுந்த நிழலில் வந்து ஒடுங்கின. ஒன்று கம்பி வழியே தலையை நீட்டி அவருடைய சட்டைப் பொத்தானைக் கொத்திப் பார்த்தது. அவர் கண்ணை மட்டும் தாழ்த்தி அதைப் பார்த்தார். ஈரத்துண்டை அவர் தலையில் போட்டுவிட்டு நான் விலகியபோது, அவருடைய மூச்சும் அந்தக் கோழிகளின் மூச்சைப் போலவே வாய் வழியே வந்துகொண்டிருந்தது.

வெயில் மரவள்ளிக் காட்டுக்குப் பின்னால் இறங்கியது. கோழிகள் வாயை மூடிக்கொண்டன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு வரிசை வரிசையாக. சில செத்திருந்தன, மிகச் சில. அந்த அம்மாள் கொட்டகை முழுவதும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்து, கணவரின் தோளிலிருந்து மூங்கிலைத் தாமே எடுத்துக் கீழே வைத்தார். அவருடைய கைகள் மடங்க மறுத்தன.

அவர் வாசல் நாற்காலியில் அமர்ந்தார். அந்த நாற்காலியில் அவர் அமர்ந்து நான் பார்த்தது அன்றுதான். மகள் அழைத்தாள். கைப்பேசியை அவரால் பிடிக்க முடியவில்லை. அந்த அம்மாள் அவர் முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றார். தங்கள் மின்நிலையத்தின் கடைசிக் கொதிகலனையும் அந்த வாரம் நிறுத்திவிட்டார்கள் என்றும், களத்து ஆட்கள் வேலி ஓரம் வரிசையாக நின்று புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் மகள் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். முகம் ஏன் அப்படிச் சிவந்து கிடக்கிறது, இன்றைக்கு வெயிலில் என்ன பண்ணினீர்கள் என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணலை சாமி," என்றார். "நின்னுட்டிருந்தேன்."